லீவர் ரைபிளும் பெருவிலங்குத் தோட்டாவும்

அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நூறாண்டு தாண்டியும் தீராத வழக்கு ஒன்று உண்டு. எல்க், மூஸ், கரடி, பைசன் போன்ற பெரிய விலங்குகளை லீவர் ரைபிளால் வீழ்த்த வேண்டுமானால், கனத்த குண்டு மெதுவாகப் போவது நல்லதா, இலேசான குண்டு விரைந்து போவது நல்லதா என்பதே அது. இரு கட்சியினரும் சாட்சிக்கு அழைப்பது என்னவோ ஒன்றைத்தான்: தோட்டா வியாபாரிகள் அச்சிட்டுத் தரும் ஆற்றல் அட்டவணை. அந்த அட்டவணையைப் பார்த்துத் தோட்டா தேர்வதே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். இந்தக் குண்டை இந்தத் துப்பாக்கி ஏற்குமா, ஏற்றால் அது விலங்கின் நெஞ்சுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கண்ட பிறகுதான் அடி-பவுண்டுக் கணக்குக்கு இடம் உண்டு.

துப்பாக்கியிலிருந்தே தொடங்குவோம். வின்செஸ்டர் 1873, 1886, 1894 மாடல்களிலும், மார்லின் ரைபிள்களிலும், குழலுக்கு அடியில் ஓடும் ஒரு குழாய்தான் மேகசின். தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பற்றும் ப்ரைமரில் முட்டி நிற்கும். முனை கூராக இருந்து, சுடும்போது எழும் பின்னுதையில் அது ப்ரைமரைக் குத்திவிட்டால், தோட்டா குழாய்க்குள்ளேயே வெடிக்கும். ஆகவே இந்த மரபின் குண்டுகள் தட்டை முனையுடன் பிறந்தன. தட்டை முனை காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர் தோட்டாவை 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 200 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய 8 அங்குலம் தாழ்ந்து போகும். அந்தத் தோட்டா அடர்ந்த காட்டுக்கே உரியது என்று பேர் வாங்கியதற்கு மருந்தைவிட மேகசின்தான் காரணம். இந்தக் கட்டை அவிழ்த்தவர்கள் இருவர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாடலில் தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஆர்தர் சாவேஜின் 1899 மாடலில் சுழலும் உருளையில் அமர்ந்தன. இரண்டிலும் கூர்முனைக் குண்டுக்குத் தடையில்லை. குழாய் மேகசினுக்கே ஏற்ற மென்மையான பிளாஸ்டிக் கூர்முனையை ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்தது இந்த நூற்றாண்டில்தான்.

கூர்முனைக்கு வழி பிறந்ததும் வேகக் கட்சி தலையெடுத்தது. 1915இல் சார்லஸ் நியூட்டன் சாவேஜுக்காக வடிவமைத்த .250-3000 தோட்டா, 87 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டை வினாடிக்கு 3,000 அடி வேகத்தில் வீசியது. அந்த வேகத்தைப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டார்கள், விளம்பரக்காரர்களுக்கு வாய்த்த நல்ல காலம்! எதிர்க்கட்சியின் பழைய கொடி 1873இன் .45-70 கவர்ன்மென்ட்: 405 கிரெய்ன் குண்டு, வினாடிக்குச் சுமார் 1,330 அடி. இப்போது அட்டவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், குழல்வாயில் சிறிய குண்டின் ஆற்றல் சுமார் 1,740 அடி-பவுண்டு, பெரிய குண்டுடையது சுமார் 1,590. ஆற்றலே அளவுகோல் என்றால் பைசன் முன்னால் நிற்பவன் .250ஐத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் வேட்டைக்காரர் யாரும் இல்லை. வேகத்தின் இருமடியால் பெருகும் கணக்கு, குண்டு எங்கே நின்றுவிடும் என்பதைச் சொல்வதில்லை. தோல், விலா, தோள் எலும்பு எல்லாவற்றையும் தாண்டி நுரையீரல்களையோ இதயத்தையோ எட்டாத குண்டின் ஆற்றல் தசையில் கரைந்து போகும். காயம்பட்ட விலங்கு நாள்கணக்கில் அலைந்து சாகும்.

ஆழத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்வது குண்டின் எடைக்கும் விட்டத்தின் இருமடிக்கும் உள்ள விகிதம். குறுக்குவெட்டு அடர்த்தி என்பார்கள். ஒரே எடையில் கோணி ஊசியும் கோலிக்குண்டும் சாக்கில் வேறுவேறு விதமாய் இறங்குவதுபோல. .250இன் 87 கிரெய்னுக்கு இந்த எண் 0.188; .30-30இன் 170 கிரெய்னுக்கு 0.256; .45-70இன் 405 கிரெய்னுக்கு 0.276. தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்று சிங்கங்களுக்கு நம்பிய .405 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, 300 கிரெய்ன் குண்டுடன், 0.254தான். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்ததும் இதே .405, வின்செஸ்டர் 1895 மாடல். சிங்கம், புலி, சிறுத்தை மூன்றும் மென்தோல் விலங்குகள். அகன்ற, கனத்த, மென்முனைக் குண்டுக்கு அங்கே வேலை சுலபம். யானைக்கு ரூஸ்வெல்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்திருந்தார் என்பதை .405இன் புகழ் பாடுவோர் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

இங்கே கனக் கட்சி குறுக்கிடும்: எடையும் விட்டமும்தானே முக்கியம், ஜான் டெய்லர் 1948இல் ஆப்பிரிக்கத் துப்பாக்கிகள் பற்றிய நூலில் தந்த அதிர்ச்சிச் சூத்திரமே போதுமே என்பார்கள். எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கும் அந்தச் சூத்திரம் .45-70க்கு 35, .250க்கு 10க்கும் கீழே தருகிறது. பைசன் விஷயத்தில் அட்டவணையைவிட நியாயமான தீர்ப்பு. ஆனால் டபிள்யூ.டி.எம். பெல் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்திய 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும், மான் வேட்டையின் .30-30க்கும் அதே சூத்திரம் தருவது ஏறக்குறைய ஒரே எண், 16. பெல்லின் குண்டு முழுக்கக் கவசமிட்டது, அடர்த்தி 0.31, எலும்பில் விரியாமல் நேராகப் போவது; .30-30இன் குண்டு பட்டதும் மலர்வதற்கென்றே செய்த மென்முனை. குண்டின் உடலமைப்பைக் கணக்கில் எடுக்காத சூத்திரம் அட்டவணைக்கு அண்ணன் மட்டுமே. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இடம் கற்றவர், அவரை உதாரணம் காட்டக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. நியாயம்தான், ஆனால் குறி தெரிந்திருந்தும், ஆழம் போகும் குண்டு இல்லாதிருந்தால் அந்த அறிவு அவருக்குப் பயன்பட்டிருக்காது.

ஆற்றல் மட்டும் போதாது என்பதைச் சட்டமும் அரைமனத்தோடு ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோ எல்க், மூஸ் வேட்டைக்கு 85 கிரெய்னையும் 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டையும் கீழ்வரம்பாக வைக்கிறது. என் கணக்கில் இது தாராளம். ஸ்வீடனின் மூஸ் வேட்டை விதி கூர்மையானது: குண்டு 9 கிராம் என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் வேண்டும், 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல் போதும். ஒரு கிராம் கூடினால் 700 ஜூல் தள்ளுபடி! .30-30இன் 11 கிராம் குண்டு அங்கே சுமார் 1,800 ஜூலோடு தேர்வில் தவறிவிடும். வட அமெரிக்காவில் இதே தோட்டாவுக்கு மூஸ் விழுந்ததுண்டே என்று கேட்கலாம். விழுந்ததுண்டு, கிட்ட நின்று, பக்கவாட்டில் திரும்பி நின்ற விலங்குக்கு. தோளைச் சாய்த்து எதிர்கொண்டு நிற்கும் மூஸுக்கு .30-30ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன், அங்கே .45-70இன் இடம் தொடங்குகிறது.

அந்த .45-70ஐ வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. 1873இன் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி கருமருந்துக் காலத்தது. அது உடையாமலிருக்கத்தான் தொழில்தர அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டில் கட்டப்பட்டிருக்கிறது. இக்கால மார்லின் 1895 அதைவிட மிகுதியைத் தாங்கும், அதற்கென்றே வலுவான தோட்டாக்களும் விற்கின்றன. பெயரும் அளவும் ஒன்றே என்பதால் அவை பழைய துப்பாக்கிக்குள்ளும் தாராளமாக நுழையும். பெட்டி மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று எழுதியிருப்பதைப் படிப்பது, அடி-பவுண்டைப் படிப்பதற்கு முந்தைய வேலை.

ஈயத்துக்குத் தடை வந்த பிறகு வழக்கு புதுத் திசையில் திரும்பியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்குக் குண்டு நீளும். ஆனால் லீவர் ரைபிளின் உள்வழி குறிப்பிட்ட நீளத்துக்கு உட்பட்ட தோட்டாவைத்தான் ஏற்கும். அதனால் .30-30க்கு 140 கிரெய்ன், .45-70க்கு 250 கிரெய்ன் என்று எடையைக் குறைத்தே செம்புக் குண்டுகள் செய்யப்படுகின்றன. எடையை மட்டும் நம்பிய கட்சிக்கு இது சங்கடம்: காகிதத்தில் அடர்த்தி குறைந்தும், உடையாமல் எடை முழுதும் தங்குவதால் செம்பு ஆழமாகப் போகிறது. வேகக் கட்சிக்கும் முழு வெற்றி இல்லை. வேகம் தணிந்துவிட்டால் செம்பு மலராது, ஊசித்துளை போட்டுவிட்டு வெளியேறும். ஆகவே செம்பு வாங்குபவர் பார்க்க வேண்டியது குழல்வாய் வேகத்தை அல்ல, தாம் சுடப்போகும் மிகத் தொலைவில் மிஞ்சும் வேகத்தையும், அந்தக் குண்டு மலரத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச வேகத்தையும்.