இரண்டே பாயிண்ட்

ரயில் மாடல்காரர் ஒருவர் பழைய லேஅவுட்டைப் பிரித்து மறுபடி போட உட்கார்ந்தால், அவர் கை முதலில் போவது இன்னொரு லூப் லைனுக்குத்தான். பலகையில் இடம் இருக்கிறதே என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டி சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பத்து நிமிடம் பார்க்கலாம். அதற்குமேல் நம் கைக்கு என்ன வேலை?

ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிரைத் தாண்டி எனக்கு ஒன்றும் தேவைப்பட்டதில்லை. தடம் பிரிக்கும் பாயிண்ட் இரண்டே, வேகன் நிற்கும் சைடிங் மூன்று. நீளமானதில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மூன்று மூன்று. ஆக நிற்க இடம் பதினொன்று, வேகன்கள் எட்டு, காலி மூன்று. என்ஜின் முன்னும் பின்னும் போகிற லைனிலும் என்ஜினோடு மூன்று வேகன்தான் கொள்ளும். சீட்டு எடுத்து வரும் வரிசைப்படி ஐந்து வேகன்களைக் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரலாம். அந்த லைனை ஒரே ஒரு வேகன் அளவு நீட்டிப் பாருங்கள், ஆட்டத்தின் இறுக்கம் போய்விடும். அளவுதான் அதன் அழகு.

ஜான் ஆலனின் டைம்சேவர் என்ற ஷண்டிங் லேஅவுட்தான் உசத்தி என்பவர்கள் உண்டு. ஜான் ஆலன் பெரிய கலைஞர், சந்தேகமே இல்லை. தன் முதல் சிறு லேஅவுட்டைக் கலைக்காமல் பின்னால் கட்டிய பெரியதற்குள்ளேயே பொருத்தியவர். ஆனால் ஐந்து பாயிண்ட் கொண்ட டைம்சேவர் புதிராகவே பிறந்தது, எந்த ஸ்டேஷனையும் பார்த்துப் போட்டதல்ல. ரைட்டுக்கு வழிகாட்டியது இங்கிலாந்துக் கிளைப்பாதை ஒன்றில் இருந்த நிஜமான சைடிங்.

நமக்கும் அப்படி ஒரு கிளைப்பாதை இருந்தது. மொரப்பூரில் அகலப்பாதையை விட்டு இறங்கி, 1906ல் தருமபுரிக்கும் 1913ல் ஓசூருக்கும் போன இரண்டரை அடிக் குறுகிய பாதை. 1941ல், போர்க்காலத்தில், மூடிவிட்டார்கள். பாதையின் அகலம் மாறும் இடத்தில் வேகன் தாண்ட முடியாது, சரக்குதான் தாண்ட வேண்டும். அதனால் என் பலகையில் நடுவே ஒரு மேடை. ஒரு பக்கம் நேராக ஒரே அகலப்பாதை, மறுபக்கம் இங்கிள்நுக். எந்தப் பெரிய வேகனுக்கு எதிரே புளி மூட்டை ஏற்றிய வேகன் நிற்க வேண்டும் என்பதுதான் சீட்டு. புதிருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டரை அடியை, அதாவது 762 மில்லிமீட்டரை, மாடலின் அளவான 87ஆல் வகுத்தால் 8.76, கடையில் கிடைக்கும் ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. அகலப்பாதைக்குத்தான் அந்த யோகமில்லை. கணக்குப்படி பத்தொன்பதேகால் மில்லிமீட்டர் வேண்டும், கிடைப்பது பதினாறரை.

அளவு பொருந்தினால் போதாது, ஓட்டமும் சீராக வேண்டும். இப்போது பலர் பெட்டியைப் பிரித்ததும் துண்டுத் தண்டவாளங்களை ஒட்டி வைத்து, மாலைக்குள் ரயில் விடுகிறார்கள். பாயிண்டின் கிராசிங்கில் கரண்ட் போகாமல் குட்டி என்ஜின் நின்றால் விரலால் ஒரு தள்ளு! கிராசிங்குக்குத் தனி ஒயர் இழுத்து, பாயிண்ட் திரும்பும்போது துருவமும் மாறும்படி செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. ஷண்டிங்கில் என்ஜின் ஊர்ந்து வந்து, கப்ளிங் சத்தமில்லாமல் சேர வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

அடுத்த முறை பலகையைப் பிரிக்கும்போது புதிதாகப் பாயிண்ட் வாங்கக் கிளம்பாதீர்கள். இருப்பதில் இரண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.