நயமா? நகலா?

அருப்புக்கோட்டையில் தறியோசையைக் கேட்டுக்கொண்டே புறப்பட்டுக் கிழக்கே திருச்சுழி நோக்கிச் செல்வோமானால், வழிநெடுக நம்மை வரவேற்பது வானம் பார்த்த பூமி. மழை வந்தால் நிறையும் கண்மாய். மழை மறந்தால் வெடித்துக் கிடக்கும் கரிசல். கேட்பாரின்றிப் பரந்து நிற்கும் சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி வயிறு கழுவும் குடும்பங்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறு. இந்த வறண்ட சீமையில், சாலையோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளியிலே ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தோம். அங்கே கண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஆசிரியர் ஒருவரைத் தூற்ற அல்ல. அவரையும் மாணவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கும் முறையைத் தோலுரித்துக் காட்டவே எழுதுகிறோம்.

வகுப்பு ஒன்பது. பாடம் குறுந்தொகை. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் புலவரின் பாட்டு. பொருள் தேடப் பிரிந்து போயிருக்கிறான் தலைவன். வாடி நிற்கிறாள் தலைவி. அவளுக்குத் தோழி சொல்கிறாள்: உன்மீது பேரன்பு கொண்டவர் அவர், அவர் போகும் வழியிலே, பெண் யானையின் பசியைத் தீர்க்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும், அதைக் காண்பார் அவர் என்று. அவ்வளவுதான் பாட்டு. காண்பவன் உன்னை நினைப்பான், திரும்புவான் என்பதைத் தோழி வாய்விட்டுச் சொல்லவில்லை. யானையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். சொல்லாமல் சொல்லும் இந்த முறைக்கு இறைச்சி என்று பெயரிட்டது தமிழ் இலக்கணம்.

ஆசிரியர் பாட்டைப் படித்தார். சொற்பொருள் சொன்னார். பாடலின் பொருளை உரையிலிருந்து வரிவரியாக எழுதச் சொன்னார். எழுதினார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அவர் திரும்பி வருவார் என்று தோழிக்கு எப்படி சார் தெரியும்? அழாமல் இருப்பதற்காகச் சொல்கிறாளோ?" என்று கேட்டாள்.

என்ன கேள்வி! ஈராயிரம் ஆண்டுப் பாட்டின் நெஞ்சைத் தொட்ட கேள்வி! தோழி அறிந்து சொல்கிறாளா, ஆறுதலுக்குச் சொல்கிறாளா? அந்த ஐயத்தின் மீதல்லவா அந்தப் பாட்டே நிற்கிறது! உறுதியாகத் தெரிந்தவள் யானையைத் துணைக்கு அழைப்பானேன்?

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்காரம்மா" என்றார். உட்கார்ந்தாள். எழுதினாள். பிறகு விசாரித்தோம். அந்தப் பெண்ணின் தந்தை திருப்பூரில் பனியன் தொழிலாளி. பொங்கலுக்கு வருவார், சில பொங்கலுக்கு வரமாட்டார். பொருள்வயிற் பிரிவு என்று ஏடு சொல்வதை, வாசற்படியில் உட்கார்ந்து வாழ்ந்து பார்த்தவள் அவள். அவளிடம் இருந்த பாட்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓர் உரைக்குறிப்பைக் கொடுத்தனுப்பியது பள்ளிக்கூடம்.

தோழர்களே! இது ஒரு வகுப்பறையின் குறை அன்று. மேல்நிலைப் பொதுத்தேர்விலே நயம் பாராட்டுக என்றொரு வினா உண்டு. வினாத்தாளிலே ஒரு பாட்டை அச்சிட்டு, அதைப் படித்துச் சுவைத்து எழுதச் சொல்லும் வினா. மாணவனின் சொந்தக் கண்ணை, சொந்தக் காதை, சொந்த நெஞ்சை நம்பிக் கேட்கப்படும் வினா. நல்ல வினா! நாட்டில் எத்தனை தேர்வுகளில் உண்டு இப்படியொரு வாய்ப்பு?

ஆனால் நடப்பதென்ன? அந்த வினாவுக்கும் கடையில் விடை விற்கிறது. முன்னுரை, திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு நயம், அணி நயம், சந்த நயம், சுவை நயம், முடிவுரை என்று தலைப்புகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் வாக்கியங்கள் தயார். கவிஞர் எளிய சொற்களால் அரிய கருத்தை விளக்கியுள்ளார். படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது. சந்தம் செவிக்கு இன்பம் தருகிறது. தாலாட்டாயினும் இதே கொள்ளை. ஒப்பாரியாயினும் இதே இன்பம்! கோடிட்ட இடத்தில் இரண்டு சொற்களை நிரப்பினால் போதும், மதிப்பெண் வந்து மடியில் விழும்.

இதை அளக்க நாம் ஓர் அளவுகோல் தருகிறோம். பாட்டைப் படிக்காமலே எழுதிவிடக்கூடிய விடை, அந்தப் பாட்டுக்கு விடை ஆகாது. இந்த ஒரு கோலை எடுத்துக்கொண்டு நயம் பாராட்டும் விடைத்தாள்களை அளந்து பாருங்கள். தேறுபவை எத்தனை?

மோனையும் எதுகையும் வேண்டாமென்கிறோமா? இல்லை. தச்சனுக்கு உளி வேண்டும். ஆனால் உளியின் பெயரை ஒப்பிப்பவன் தச்சன் ஆவானா? ஓரெழுத்து மீண்டும் வந்தது என்று எடுத்துக்காட்டுவது எண்ணிக்கை. அது அங்கே வந்ததனால் பாட்டுக்கு என்ன ஆயிற்று, நடை விரைந்ததா, தயங்கியதா, எந்தச் சொல்லின் மீது குரல் ஊன்றிற்று என்று காட்டுவது திறனாய்வு. முதலாவதோடு நின்றுவிடுகிறோம், அதற்கே முழு மதிப்பெண் தந்துவிடுகிறோம்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ச் பல்கலைக் கழகத்திலே ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். 13 கவிதைகளை, எழுதியவர் பெயரை மறைத்து, மாணவர்களிடம் கொடுத்தார். படித்துத் தோன்றியதை எழுதச் சொன்னார். விளைவை 1929இல் நூலாக வெளியிட்டார். சிறந்த கல்வி பெற்றவர்கள் எனப்பட்ட அந்த மாணவருள் பலர், கவிதையின் நேர்ப்பொருளைக்கூடப் பிடிக்கவில்லை. பலர் பாட்டைப் படிக்காமல், தம் மனத்தில் முன்பே அடுக்கி வைத்திருந்த உணர்ச்சிகளை எடுத்து அதன்மீது கொட்டினார்கள். பெரிய பெயர் கண்ணில் படாதபோது எதைப் புகழ்வது, எதை இகழ்வது என்று தெரியாமல் தடுமாறினார்கள். கேம்பிரிட்ச் மாணவருக்கே அந்தக் கதி என்றால், கரிசல் காட்டுப் பிள்ளையை ஏளனம் செய்ய எவருக்கு உரிமை உண்டு?

சொல்லப் போனால், கரிசல் பிள்ளைக்கு ஒரு முன்னுரிமையே உண்டு. காடும் மலையும் வெயிலால் வளங்குன்றிப் போனால் அதுவே பாலை என்று விளக்கம் தந்தவர் இளங்கோ. பாலை என்பது வரைபடத்தில் தனியாகத் தேட வேண்டிய நிலமன்று. நிலத்துக்கு நேரும் நிலைமை. அந்த நிலைமையைக் கோடைதோறும் காண்பவர்கள் இந்தப் பிள்ளைகள். யா மரத்தை அவர்கள் பார்த்ததில்லை. யானையும் அங்கே இல்லை. ஆனால் பசும்புல் தீய்ந்த காலத்தில், துறட்டியால் கருவேலங்கிளையை வளைத்து ஆட்டுக்கு நெற்று உதிர்க்கும் கீதாரியைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம், மரப்பட்டையை ஏன் உரிக்கிறது யானை, தழை எங்கே போயிற்று என்று ஆசிரியர் கேட்கட்டும். தழையே இல்லாத காடு அது என்று அவர்களே சொல்வார்கள். பட்டையில் கசியும் ஈரத்தைத் தவிர வேறு ஈரமில்லாத இடத்திலும் அன்பு வற்றவில்லை என்பது அப்போது அவர்களாகவே கண்ட பொருளாகும். ஆசிரியர் எழுதிப்போட்ட பொருளாகாது.

அமெரிக்க நாட்டிலே 1967இல் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாட்டுகள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக்கினார். அன்றுமுதல் அயல்நாட்டு மாணவர்கள் அவற்றைக் கவிதையாகப் படித்து வியக்கிறார்கள். அவற்றைப் பாடிய மண்ணின் பிள்ளைகளோ மதிப்பெண்ணாகப் படித்து மறக்கிறார்கள். வேதனை அல்லவா இது?

வழி என்ன? நமக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறோம்.

முதலில் வாய்விட்டுப் படிக்கட்டும். ஆசிரியர் ஒருமுறை, மாணவர் ஒருமுறை, சீர் பிரித்து, பொருள் பிரித்து. பாட்டு காதுக்குப் பிறந்தது. இரண்டாவது, யார் பேசுகிறார், யாரிடம், எப்போது என்று கேட்கட்டும். சங்கப் பாட்டின் கீழே திணையும் துறையும் கூற்றும் குறித்து வைத்த முன்னோர் இதைத்தான் கற்பித்தார்கள். நாம் அதையும் ஒரு மதிப்பெண் வினாவாக்கிவிட்டோம். மூன்றாவது, கண்ணுக்குத் தெரிவது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று தேடட்டும். நான்காவதாக, நீ ஒப்புகிறாயா என்று கேட்கட்டும். ஒப்பினாலும் மறுத்தாலும், பாட்டிலிருந்து ஒரு சொல்லைச் சான்றாகக் காட்டச் சொல்லட்டும். எதுகையும் அணியும் இதற்குப் பிறகு, இதற்குத் துணையாக வரட்டும்.

மனப்பாடத்தை நாம் பழிக்கவில்லை. புரிந்த பாட்டை நெஞ்சில் வைத்துக்கொள்வது செல்வம். புரியாத பாட்டைச் சுமப்பது கூலியில்லாச் சுமை.

பாடநூலோடு நிற்கவும் வேண்டாம். நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே கண்டார். களையெடுக்கும் பாட்டியின் வாயிலும் பாட்டுண்டு. அதற்கும் நயம் உண்டு. அதை மாணவன் எழுதி வரட்டும்; குறுந்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசட்டும். தன் வீட்டுப் பேச்சு வகுப்பறைக்கு ஆகாது என்று கூனிக் குறுகும் பிள்ளை, அன்று நிமிர்ந்து உட்காரும்.

நேரம் எங்கே, ஒரு வகுப்பில் இத்தனை பேர், இத்தனை பாடம் என்பார் ஆசிரியர். பொய்யன்று. அவர் சுமையை நாம் அறிவோம். ஆனால் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில், கற்பவை கற்றபின் என்ற தலைப்பில், மாணவரைப் பேசவும் தேடவும் எழுதவும் தூண்டும் செயல்கள் தரப்பட்டிருக்கின்றன. தாண்டிச் செல்லப்படும் பகுதியாக அது பல இடங்களில் கிடக்கிறது. பத்துப் பாட்டை ஓட்டுவதினும் ஒரு பாட்டில் நிற்பது நன்று. திருத்துவோரும், அச்சடித்த வாக்கியத்துக்கு அள்ளித் தரும் மதிப்பெண்ணைக் குறைத்து, தட்டுத்தடுமாறி எழுதிய சொந்த வாக்கியத்துக்குக் கூட்டித் தரட்டும். கடைச்சரக்கு தானே சரியும்.

இனி, நம்மவர்க்கும் ஒரு சொல். பகுத்தறிவு பேசும் இளைஞர்களே, நாமும் குற்றமற்றவர்களா? பாட்டில் கடவுள் பெயர் வந்தால் மூடநம்பிக்கை என்றும், சமுதாயம் என்ற சொல் வந்தால் புரட்சி என்றும் சீட்டு ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அதுவும் நகல் அல்லவா? திருச்சுழிக் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். அதைப் பத்தியோடு படி என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்துவது எவ்வளவு தவறோ, படிக்காமலே தள்ளு என்பதும் அவ்வளவு தவறு. 1943இல் கம்பராமாயணம் பற்றி அறிஞர் அண்ணா, இரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையிலே சொற்போர் நிகழ்த்தினார். எரிக்க வேண்டும் என்று வாதிட்ட தரப்பும் ஏட்டைப் புரட்டிப் படித்துவிட்டுத்தான் மேடை ஏறியது. எதிர்ப்பதற்கும் படிக்க வேண்டும். எதிர்ப்பதற்கு இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும்!

பாட்டைத் தானே படித்துப் பொருள் காணப் பழகாதவன், நாளை அரசாணையை எப்படிப் படிப்பான்? தேர்தல் அறிக்கையை எப்படி அளப்பான்? இவர் உண்மையைச் சொல்கிறாரா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று தோழியிடம் கேட்கத் தெரிந்தவளே, தலைவரிடமும் கேட்பாள். அந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டால், பிறகு எழுப்புவது அரிது.

அண்டை ஊராம் விருதுநகரிலே, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டிப் பள்ளி வளர்த்தார்கள் முன்னோர். அந்த ஊரிலிருந்து வந்த காமராசர், பசித்த பிள்ளை படிக்க வேண்டுமென்று 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வயிற்றுக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அழைத்து வந்தோம். வந்த பிள்ளையின் கையில் நகலைக் கொடுத்து அனுப்பவா?

கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்ட அந்த மாணவி மீண்டும் எழட்டும். அவள் கேள்விக்கு ஆசிரியரிடம் விடை இல்லாவிட்டால் குற்றமில்லை. வகுப்பே சேர்ந்து பாட்டுக்குள் தேடட்டும். அந்தத் தேடலுக்குப் பெயர்தான் நயம் பாராட்டல்.