தோள் சக்கரம் ஜூடோவா, மல்யுத்தமா?

காலைப் பிடித்துத் தூக்கி எறிந்தால் அது ஜூடோ இல்லை, மல்யுத்தம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010இல் காலை நேரடியாகத் தாக்குவதைத் தடை செய்தது. 2013இல் இன்னும் இறுக்கி, நின்று மோதும்போது இடுப்புக் கச்சைக்குக் கீழே கையே போகக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். தடைக்கு நியாயமான காரணமும் உண்டு. இரண்டு பேரும் குனிந்து, பின்பக்கத்தைத் தள்ளி நின்றுகொண்டு, எதிராளியின் காலையே முறைத்து நேரத்தை ஓட்டுவது பார்க்கச் சகிக்காது. ஆனால் "இது ஜூடோவே இல்லை" என்பது வேறு வாதம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கத்தா குருமாவை எடுத்துக்கொள்வோம். 'தோள் சக்கரம்' என்று பொருள். எதிராளியின் கையை முன்னால் இழுத்து, அவர் தடுமாறும் கணத்தில் அடியில் புகுந்து, மறுகையால் தொடையை அணைத்து, மூட்டை தூக்குகிற மாதிரி இரு தோள்களிலும் ஏற்றி மறுபக்கம் தள்ளுவது. இது வந்த கதை சுவாரசியமானது. கானோ ஜிகோரோ 1882இல் கோடோகானைத் தொடங்குவதற்கு முன், ஜூஜுட்சு கற்கும் இளைஞராக இருந்தபோது, ஃபுகுஷிமா என்ற கனத்த உடம்புக்காரரை அவரால் வீழ்த்தவே முடியவில்லை. சுமோ உத்திகளை முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு நூலகத்தில் மேற்கத்திய மல்யுத்தம் பற்றிய புத்தகத்தைத் தேடிப் படித்து, அதிலிருந்து இந்தப் பிடியை எடுத்து அவரைச் சாய்த்தார். அதாவது, எதை இன்று மல்யுத்தம் என்று ஒதுக்குகிறார்களோ அதை மல்யுத்தத்திலிருந்து தெரிந்தே கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கியவரேதான்! கொண்டுவந்து ஓரமாகவும் வைக்கவில்லை. எறிதல்களின் இலக்கணம் என்று சொல்லத்தக்க 'நாகே நோ கத்தா'வில் உள்ள பதினைந்தில் இது மூன்றாவது.

அப்படியானால் எது ஜூடோ என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் என்ன? உத்தி எங்கே பிறந்தது என்பதல்ல. 'செய்ரியோகு ஸென்யோ', உள்ள ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது. 'ஜித்தா கியோயெய்', நானும் நீயும் சேர்ந்து வளர்வது. முதல் கொள்கைப்படி பார்த்தால், எதிராளியின் சமநிலையைக் குலைத்துவிட்டு (குஸுஷி) அடியில் புகுந்து செய்யும் தோள் சக்கரம் ஜூடோதான். அதே தொடையைப் பிடித்து, குலைக்காமல், மூச்சைப் பிடித்து வெறும் பலத்தால் தூக்கினால் ஜூடோ இல்லை. பெயர் ஒன்று, பிடி ஒன்று, செய்கிற விதம்தான் வேறு. நடுவரால் களத்தில் நின்று இதை அளக்க முடியுமா என்றால், கஷ்டம்தான். விதிப்புத்தகத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய கோடு ஒன்று வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கொள்கை என்று பெயர் வைக்கக்கூடாது.

கொள்கையை வைத்துத் தடை செய்ய முடியாது என்றும் இல்லை. 'கானி பஸாமி' இருக்கிறது, நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல இரு கால்களாலும் எதிராளியின் காலைக் கத்தரித்து வீழ்த்துவது. 1980 அனைத்து ஜப்பான் போட்டியில் எண்டோ இதைப் போட, யமாஷிதாவின் கால் எலும்பு முறிந்தது. பின்னர் அது தடைசெய்யப்பட்டது. பயிற்சித் துணைவரின் காலை உடைக்கக்கூடிய உத்தி 'சேர்ந்து வளர்வது' என்பதில் தேறாது. கானோவும் குத்து, உதைகளை ரன்டோரி என்ற சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். ஆனால் தூக்கிப் போடவில்லை, கத்தாவுக்குள் வைத்துக் காப்பாற்றினார். (எங்கள் தொழிலில் பழைய நிரலை அழிக்காமல் முடக்கி மட்டும் வைப்போமே, அதுபோல.)

கால் தடையின் விளைவு ஒன்று எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. இப்போது போட்டிகளில் வரும் கத்தா குருமாவில் வீரர் தொடையைத் தொடுவதில்லை. கையை இறுக்கிப் பிடித்தபடி எதிராளியின் அடியில் தரையோடு தரையாகச் சரிந்து உருட்டிவிடுகிறார். திறமையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாகே நோ கத்தாவில் எறிபவர் ஆளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். நிமிர்ந்து நிற்கும் ஜூடோவைக் காப்பாற்ற வந்த விதி, நிமிர்ந்து முடியும் எறிதலை வெளியே அனுப்பி, தரையில் விழுந்து முடிக்கும் வடிவத்தை உள்ளே விட்டிருக்கிறது! குனிந்து நிற்பதுதான் பிரச்சினை என்றால் குனிந்து நிற்பதற்கே தண்டனை கொடுத்திருக்கலாமே.

போட்டி விதி போட்டியோடு நின்றால் எனக்குக் கவலையில்லை. மேடையில் புள்ளி வராத ஒன்றுக்குப் பயிற்சிக்கூடத்தில் யார் நேரம் ஒதுக்குவார்கள்? கருப்புக் கச்சைத் தேர்வுக்காக மட்டும் ஒத்திகை பார்க்கும் கத்தாவாக அது சுருங்கும். காலைப் பிடிக்க வருபவனைத் தடுக்கத் தெரியாத ஒரு தலைமுறையும் கூடவே வளரும்.

ஜப்பானிலேயே 2025 அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப்பில் காலைப் பிடிப்பதை மறுபடி அனுமதித்தார்கள். சர்வதேசத் தடை அப்படியே இருக்க, உள்ளூரில் மட்டும் இந்தத் தளர்வு. அங்கே காலைப் பிடித்தவர்களை மல்யுத்த வீரர்கள் என்று யாராவது சொல்வார்களா?