கச்சானை எதிர்த்து வீடு நோக்கி

வங்காள விரிகுடாவில் கிழக்கே மீன்பிடிக்கப் போன கல்முனைப் பலநாள் படகுக்கு, தென்மேற்குப் பருவ மாதங்களில் திரும்பும் வழியெல்லாம் கச்சான் என்னும் மேற்குக் காற்றுதான் எதிரி. பாய்க்கப்பலால் எதிர்க்காற்றில் நேரே போக முடியாது. வலமும் இடமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் முன்னேறும். இன்றைய எஞ்சின் படகு நேரே போகிறது, ஒவ்வோர் அலையையும் முன்பக்கமான அணியத்தில் வாங்கியபடி.

அந்தக் குலுக்கலுக்குள் நடக்கும் வாழ்க்கையின் ஒழுங்கு என்னை வியக்க வைக்கிறது. சோற்றுப்பானை உருளாமல் கட்டப்பட்டிருக்கும். ஆணம் சட்டியின் பாதிக்கு மேல் ஏறாது. ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் கண்ணயர்வார். தொழுகைக்கு முன் குடிதண்ணீரைத் தொடாமல் கடல்நீரிலேயே வுழூ. பயணிக்குள்ள சலுகையால் நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்கும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவார்.

அந்தக் கடலிலிருந்து, தொழும் திசையான கிப்லா மேற்கே, சற்றே வடக்குச் சாய்ந்து. வீடும் மேற்கே, காற்று வருவதும் அங்கிருந்தே. ஆகவே திரும்பும் படகில் தொழுபவர் ஏறத்தாழ அணியத்தை நோக்கியே நிற்பார், முகத்தில் கச்சான் அறைய. உழைப்பும் வணக்கமும் வீட்டு நினைவும் இப்படி ஒரே திசையில் சேரும் தொழில் வேறொன்றை நான் அறியேன். சந்தையில் மீனுக்கு விலை பேசும்போது இந்த வாழ்க்கைக்கும் சேர்த்தே மதிப்புக் கொடுக்க வேண்டும்.