ஓர்க்குகளின் பிறப்பு

ஜே. ஆர். ஆர். ரோல்கீன் படைத்த தொன்ம உலகிலே ஓர்க்குகள் எனும் கொடிய இனம் எவ்வாறு தோன்றிற்று? அவர் மறைந்தபின் 1977இல் மகன் கிறிஸ்ரோபர் பதிப்பித்த ‘சில்மரில்லியன்’, தீயோனாகிய மோர்கொத் சிறைப்பிடித்துச் சிதைத்த எல்வரே, அதாவது சாவாவரம் பெற்றோரே, ஓர்க்குகளாயினர் என்கின்றது. 1993இல் வெளிவந்த பிற்காலக் குறிப்புகளோ மனிதரை மூலமாக்குகின்றன. மனிதர் தோன்றுமுன்பே ஓர்க்குகள் திரிந்தனவே! இத்தடையை நீக்கக் காலக்கணக்கையே பின்தள்ள ஆசிரியர் முற்பட்டார்.

இறுதிக் குறிப்பே முடிந்த முடிபு என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. முன்னைய நூலிலும் அக்கூற்று அறிஞர் கொண்ட கருத்தாகவே வருகின்றது. ஒன்று கதையுலகினரின் மரபு நம்பிக்கை. மற்றையது ஆசிரியரின் தேடல். இவ்வளவில் முரண் தீர்ந்துவிடும்.

ஆனால் அதன் வேர் தீரவில்லை. தீமைக்குச் சிதைக்கவன்றிப் படைக்க இயலாது என்பது ரோல்கீனின் கொள்கை. அங்ஙனமாயின் எல்வர்வழி வரினும் மனிதர்வழி வரினும் ஓர்க்குகளுக்கும் ஆன்மா உண்டு. இவ்விடர் கருதியே போலும், அவற்றைப் பேசப்பழகிய விலங்குகள் என்றும் ஓரிடத்தில் எழுதிப் பார்த்தார். 1954–55இல் வெளிவந்த நாவலிலே கொல்லமுக்குக் கிட்டிய இரக்கம் ஓர்க்கு ஒன்றுக்கேனும் கிட்டவில்லை.