வெப்பக் கதிர் யார் கையில்? – விக்டோரியா கால அறிவியல் கதைகளின் ஆயுதங்கள்

எச். ஜி. வெல்ஸ், ஜூல்ஸ் வெர்ன் என்று பேச்செடுத்தாலே நம்மவர்களிடமிருந்து வரும் பாராட்டு ஒன்றுதான்: "அப்பவே சொல்லிட்டான் பாருங்க!" நீர்மூழ்கியைச் சொன்னார், லேசரைச் சொன்னார், அணுகுண்டைச் சொன்னார் என்று பட்டியல் நீளும். அது முடிவதற்குள் இன்னொருவர், "இதெல்லாம் நம்ம புராணத்துலயே இருக்குங்க. பிரம்மாஸ்திரம் என்ன, புஷ்பக விமானம் என்ன!" என்று ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு பேச்சும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. கதாசிரியரை ஜோசியராக்கி, சொன்னது பலித்ததா இல்லையா என்று பார்ப்பதோடு விமர்சனம் முடிந்துபோகிறது. ஒரு கற்பனை ஆயுதத்தைக் கண்டால் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன். ஆசிரியர் அதை யார் கையில் கொடுத்தார்? யாரைப் பார்த்துத் திருப்பினார்? விக்டோரியா ராணி ஆண்ட காலத்துக் (1837–1901) கதைகள் சிலவற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்போம்.

வெல்ஸின் 'உலகங்களின் போர்' 1897-இல் பத்திரிகைத் தொடராகவும் 1898-இல் நூலாகவும் வந்தது. செவ்வாய்க் கிரகத்தார் லண்டனுக்குப் பக்கத்தில் சர்ரே கிராமப்புறத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களிடம் வெப்பக் கதிர் இருக்கிறது. சத்தமில்லை, கண்ணுக்கும் தெரியாது, பட்டதெல்லாம் பற்றி எரிகிறது. இதை லேசரின் ஆரூடம் என்பார்கள். ஆனால் வெல்ஸ் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியப் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் செய்த கொடுமையை நினைவூட்டிவிடுகிறார். நாம் பிறருக்குச் செய்ததை நமக்கு ஒருவன் செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கதையே. நூல் வெளிவந்த அதே 1898 செப்டம்பரில், சூடானின் ஓம்துர்மானில் மாக்சிம் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் முன்னால் ஒரே நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிரிட்டிஷ்–எகிப்தியப் படையில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அங்கே செவ்வாய்க்காரர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அவ்வளவு தூரம் போவானேன்? கொல்கத்தாவாசிகளான நாம் ஊருக்கு விமானம் ஏறப் போகிறோமே, அந்த டம்டம் என்ன லேசுப்பட்ட இடமா! உடம்பில் பாய்ந்ததும் விரிந்து சதையைக் கிழிக்கும் 'டம்டம் தோட்டா' 1890-களில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் உருவானதுதான். 1899-இல் ஹேக் மாநாடு அதைத் தடை செய்தபோது, 'நாகரிகமற்ற' எதிரிகளை நிறுத்தச் சாதாரணத் தோட்டா போதாது என்று பிரிட்டன் தரப்பில் வாதாடினார்கள். வெல்ஸ் நாளையைப் பார்த்துச் சொன்னார் என்பதைவிட, அன்று நடந்துகொண்டிருந்ததைத் திருப்பிப் போட்டுக் காட்டினார் என்பதே பொருத்தம்.

எல்லோரும் வெல்ஸைப்போலத் தன் பக்கமே திருப்பவில்லை. எட்வர்ட் புல்வர்-லிட்டன் 1871-இல் எழுதிய 'வரப்போகும் இனம்' நாவலில், பூமிக்கடியில் வாழும் ஓர் இனத்தார் 'வ்ரில்' என்ற சக்தியை ஒரு கோலுக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு குழந்தை நினைத்தால்கூடக் கோட்டையைத் தகர்த்துவிடலாம். எல்லோரிடமும் அது இருப்பதால் அவர்களுக்குள் போரே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வ்ரில் இல்லாத பிற இனத்தாரை அவர்கள் காட்டுமிராண்டிகள் என்கிறார்கள். தேவைப்பட்டால் அழித்துவிடலாம் என்கிறார்கள். ஆயுதம் உள்ளவர்களுக்குள் மட்டும் சமாதானம்! ஆசிரியர் இதைக் கேலியாகச் சொன்னாரா, ஏக்கமாகச் சொன்னாரா என்பதில் அவரே தடுமாறியிருப்பதாக எனக்குப் படுகிறது. நாவலின் பலவீனமும் அங்கேதான். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இவருடைய மகன்தான் 1876 முதல் 1880 வரை இங்கே வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு. சென்னை மாகாணம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, 1877-இல் டில்லியில் தர்பார் நடத்தியவர். 1878 ஆயுதச் சட்டமும் அவர் காலத்ததுதான்: லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு விலக்கு. அப்பா கதையில் எழுதிய பேதத்தை மகன் சட்டத்தில் எழுதினார்.

பிரெஞ்சுக்காரரான வெர்ன் ஒரு படி மேலே போனார். 'நாட்டிலஸ்' நீர்மூழ்கியின் கேப்டன் நெமோ யார் என்பதை 'மர்மத் தீவு' (1875) நூலில்தான் சொல்கிறார். அவர் பந்தேல்கண்ட் இளவரசர் தாக்கர். 1857 கிளர்ச்சியில் போராடிக் குடும்பத்தை இழந்தவர். அந்தக் காலக் கதையுலகின் மிக நவீனமான கப்பல் ஓர் இந்தியன் கையில்! படிக்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மரணப்படுக்கையில் கிடக்கும் நெமோவிடம் அமெரிக்க எஞ்சினியர் என்ன சொல்கிறார்? தவிர்க்கமுடியாத முன்னேற்றத்தை எதிர்த்ததே உங்கள் பிழை என்கிறார். உலகிலேயே முன்னேறிய இயந்திரத்தைக் கட்டியவனைப் பார்த்து இந்தப் பேச்சு! ஆயுதத்தைக் கொடுத்த வெர்னுக்கு நியாயத்தையும் சேர்த்துக் கொடுக்க மனம் வரவில்லை.

ராணி இறந்து நாலு வருஷம் கழித்து, 1905-இல், இதே வெப்பக் கதிர் வேறொரு கையில் வருகிறது. வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதை அது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் அந்தப்புரத்தில்! கோஷா முறைக்குக் கொடுத்த சரியான சூடு. தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பி அனுப்ப ராணி மறுக்கிறாள். அதனால் பக்கத்து நாட்டு அரசன் படையெடுக்கிறான். பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டிப் பகைவர்மேல் பாய்ச்ச, படை ஓடிப்போகிறது. அவர்கள் போட்டுவிட்டுப் போன ஆயுதங்களையும் அதே வெப்பத்தால் எரித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம்தான்: அந்த நாட்டின் சமையலறையிலும் அதே சூரிய வெப்பத்தில்தான் சமைக்கிறார்கள். வெல்ஸின் கதிருக்கு எரிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. ரொக்கேயாவின் கதிர் சோறும் ஆக்குகிறது, ஊரையும் காக்கிறது. ஆயுதக் கற்பனை என்றால் சாம்ராஜ்யக் கனவாகவோ சாம்ராஜ்ய பயமாகவோதான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இந்தச் சின்னக் கதையே சாட்சி.

அந்தக் கதை அச்சேறியது எங்கே தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸீன்' இதழில். எழுதியவர் 1911-இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது இந்தக் கொல்கத்தாவில். நமக்கு இரண்டு ஊருமே சொந்த ஊர். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நெமோவைத் தெரிந்த அளவு சுல்தானாவைத் தெரியாது. அடுத்த தடவை அவர்களுக்குப் புத்தகம் வாங்கும்போது வெல்ஸ் பக்கத்தில் இதையும் வையுங்கள். படித்து முடித்ததும் "பலிச்சுதா?" என்று கேட்காமல், "யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.