வேடரின் வில்லும் நமது சந்தையும்

பழங்குடி மக்களின் கலைப்பொருளை விலை கொடுத்து வாங்குவது அம்மக்களுக்குச் செய்யும் பேருதவி என்ற எண்ணம் படித்த நடுத்தர வர்க்கத்தாரிடையே வேரூன்றி வருகின்றது. துணிப்பையிலும் தேநீர்க் கோப்பையிலும் ஆதிக்குடிகளின் ஓவியத்தைப் பொறித்து, இதன் வருவாய் அவர்தம் நலனுக்கே என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால், வாங்குபவருக்குப் பொருளும் கிடைக்கிறது, மனநிறைவும் கிடைக்கிறது. இதனைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும் கலை விமர்சகன் வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் நயந்துவிட்டுத் திரும்பிவிட முடியாது. இந்த ஓவியம் யாருடையது? இதனை அச்சிட இசைந்தவர் யார்? பணம் எவர் தீர்மானப்படி செலவாகின்றது? இக்கேள்விகளும் விமர்சனத்தின் பாற்பட்டனவே.

மகியங்கனைக்குக் கிழக்கேயுள்ள தம்பானைக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள், தோளிற் கோடரி தாங்கிய வேடருடன் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். மரத்திற் செய்த சிறு வில்லையும் அம்பையும் வாங்கி வருகின்றனர். அந்த வில்லின் வரலாற்றை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1983 இல் மாதுறு ஓயாப் பிரதேசம் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்குரிய நீரேந்து பரப்பைக் காப்பதும், காடழிப்பினால் இருப்பிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் அளிப்பதும் அதன் நோக்கங்கள். யானைக்குப் புகலிடம் தேடியவர்கள், அக்காட்டிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதரை வெளியேற்றினர். வேடர் குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. முதுபெருந் தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு இடம்பெயர மறுத்து நின்றார். 1998 இல் அவர் மறைந்தார். வேட்டை நிலம் பூங்காவாயிற்று. அங்கே வில்லெடுத்து வேட்டையாடுதல் குற்றமாயிற்று. அதே வில்லின் சிற்றுருவைச் செய்து விற்பதற்கு மட்டும் எத்தடையும் இல்லை.

மாளிகாவத்தை மாடிவீட்டில் இருந்துகொண்டு நாம் ஏன் காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்கும் நண்பர்களும் உளர். அவர்தம் வீட்டில் எரியும் மின்விளக்கின் ஒளியில் மகாவலி நீரின் பங்கும் உண்டு என்பதை மட்டும் நினைவூட்டுவோம்.

செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலே கலை ஆராய்ச்சியாளர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. குகைச் சுவர்களில் உருவங்கள் தீட்டியவர்கள் பெண்கள். ஆடவர் வேட்டையினின்று திரும்பும்வரை காத்திருந்த பொழுதில், சாம்பலைக் குழைத்து விரலால் அவற்றை வரைந்தனர். காடும் குகையும் வேட்டையும் காத்திருப்பும் சேர்ந்த வாழ்வு ஒன்று இருந்தது. ஓவியம் அதன் ஓர் அங்கமாயிருந்தது. வாழ்வின் ஆதாரத்தைப் பறித்துவிட்டு ஓவியத்தை மட்டும் துணியில் அச்சிட்டு எடுத்துக்கொள்வதைக் கலைப் பாதுகாப்பு என்று எங்ஙனம் கூறுவது?

சட்டம் என்ன சொல்கிறது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நாட்டார் கலை வடிவங்களை வணிக நோக்கிற் பயன்படுத்த அனுமதி பெறல் வேண்டும் என்கிறது. நல்லதே. ஆனால் அனுமதி தருபவர் அமைச்சரால் தீர்மானிக்கப்படும் அதிகாரி. அறவிடப்படும் பணம் கலாசார அபிவிருத்திக்குரியது. படைத்த சமூகம் இந்த ஏற்பாட்டில் எங்கே நிற்கிறது? பாட்டனின் பாட்டை விற்கப் பேரனிடம் கேட்க வேண்டியதில்லை. கந்தோரிற் கேட்டாற் போதும்!

அவுஸ்திரேலியாவின் அனுபவம் நமக்குப் பெரிதும் உதவக்கூடியது. 1966 இல் அந்நாடு வெளியிட்ட ஒரு டொலர்த் தாளில், ஆதிக்குடி ஓவியரான டேவிட் மலங்கியின் மரப்பட்டை ஓவியம் அவரைக் கேளாமலே இடம்பெற்றது. விஷயம் வெளிப்பட்ட பின்னர் அவருக்கு 1,000 டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிப் பெட்டி ஒன்றும் வழங்கினர். பிற்காலத்திலே, இந்தோனேசியாவிற் செய்த பொருள்களை ஆதிக்குடிகளின் கைவேலை என்று விற்ற நிறுவனம் ஒன்றுக்கு 2019 இல் நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. தீர்ப்பு வரவேற்கத்தக்கதே, எனினும் மீறப்பட்டது நுகர்வோர் சட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏமாந்தவர் வாங்கியவர் என்பதே வழக்கு, திருடப்பட்டவரைப் பற்றியதன்று.

இத்தனையும் கண்டு, சந்தையே கலைக்குப் பகை என்று முடிவு கட்டும் தூய்மைவாதிகளோடும் நாம் உடன்படுவதற்கில்லை. மத்திய பாலைநிலத்துப் பப்புன்யாக் குடியிருப்பில், ஜெப்ரி பார்டன் என்ற ஆசிரியரின் தூண்டுதலோடு 1971 இல் பள்ளிச் சுவரில் தொடங்கிய ஓவிய இயக்கம், மறு ஆண்டே ஓவியர்கள் தாமே உடைமை கொண்ட பப்புன்யா துலா நிறுவனமாயிற்று. சிறுநீரகம் பழுதுற்ற பாலைநில முதியோர், இரத்தச் சுத்திகரிப்புக்காக 500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்று, உற்றாரும் மண்ணும் இன்றி அங்கேயே மடிந்துகொண்டிருந்தனர். அவர்தம் சொந்த மக்கள் ஓவியங்கள் தீட்டினர். 2000 ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில் அவை ஏலத்தில் விற்கப்பட்டுப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் திரண்டது. 2004 இல் கின்ரோர் என்னும் அவர்தம் ஊரிலேயே சுத்திகரிப்பு யந்திரம் இயங்கத் தொடங்கியது. இங்கும் ஓவியம் விற்கப்பட்டது. ஆனால் எதனை விற்பது, எதற்காக விற்பது என்று தீர்மானித்தவர்கள் தீட்டியவர்களே. விற்ற பணம் அவர்களை அவர்தம் நிலத்துக்குத் திருப்பி அழைத்து வந்தது. அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வைத்தியத்தை ஓவியர் செய்ய நேர்ந்தது என்ற குறை அதிலும் உண்டுதான். தம்பானைக்கு அயலிலுள்ள கிராந்துருகோட்டைப் பகுதியும் சிறுநீரக நோயால் வாடும் பகுதி என்பதை இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியவில்லை.

வாகரைப் பக்கத்திலே தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். மீன் பிடித்தும் கூலிவேலை செய்தும் பிழைக்கும் அவர்களைப் படம் பிடிக்க எவரும் செல்வதில்லை. தோளிற் கோடரி இல்லாத வேடனுக்குச் சந்தையில் விலையில்லை போலும். கதிர்காமத்து வள்ளியை வேடர் மகள் என்று கொண்டாடும் நமது இலக்கிய உலகமும், இந்த வேடரைப் பற்றி எழுதியது சொற்பமே. அவர்தம் வழிபாட்டையும் சடங்குப் பாடல்களையும் பதிவு செய்யச் செல்லும் நம்மவர், யாரைக் கேட்டுப் பதிவு செய்கிறோம், பதிவு யார் வசம் இருக்கும் என்பவற்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

திசாஹாமியின் மகனும் இன்றைய தலைவருமான வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினர் குழுவின் முன் தம் மக்களின் முறைப்பாட்டை வைத்தார். பொல்லேபெத்த, றம்பகன் ஓயாப் பகுதிக் காடு சோளப் பயிர்ச்செய்கைக்காக அழிக்கப்பட்டபோது, 2020 இல் சுற்றாடல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அவர் நீதிமன்றத்திற் கேட்டது காட்டை.